மாதா தனியாக வந்த நாள்

வரவேற்பதுதான் என் பிழைப்பு. அடையாறில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து, கன்னம் வீங்கி வருகிறவர்களை எல்லாம் "வாங்க சார், உட்காருங்க மேடம்" என்று சிரித்த முகத்தோடு உட்கார வைக்கிறேன். சாயங்காலம் மந்தைவெளியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அந்தச் சிரிப்பைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வேன். எங்கள் தெருவுக்குத் தெரிந்தது என் அசல் முகம்தான். புதிதாகக் குடிவருகிறவர்களிடம், "அந்தம்மாகிட்ட வாயக் குடுக்காதீங்க" என்று யாராவது சொல்லிவைத்துவிடுகிறார்கள். சொல்லட்டும், எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருக்கிறது.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த வட்டாரத்தில், பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அன்பு என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். அந்தப் பெயருக்கு நாங்கள் எவ்வளவு பொருத்தம் என்பதைப் பற்றி நான் வாயைத் திறந்தால்தான் சண்டை வருகிறது. அக்டோபர் மாதம் ஜெபமாலை மாதம். முழங்கை நீளத்துக்கு ஒரு மாதா சிலை, சுரூபம் என்போம், தினமும் ஒரு வீட்டுக்குப் போகும். சாயங்காலம் நாங்கள் எல்லோரும் கையில் மெழுகுவர்த்தியோடு பாடிக்கொண்டே கூடப் போவோம். அந்த வீட்டில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வோம். பிறகு சுண்டலும் டீயும். மாதா இரவு அங்கேயே தங்குவார். மறுநாள் அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து அழைத்துப் போவார்கள். நவராத்திரியும் பெரும்பாலும் அந்தச் சமயத்திலேயே வந்துவிடும். கொலு வைத்திருக்கிற வீடுகளிலிருந்து ஒரு சுண்டல், ஜெபமாலை வீட்டிலிருந்து ஒரு சுண்டல். அக்டோபர் மாதத்தில் மயிலாப்பூர்ப் பக்கம் கொண்டைக்கடலைக்குத்தான் வாழ்வு.

எங்கள் அன்பியத்தின் சுண்டல் நீதிபதி டீச்சரம்மா. பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் அன்பியப் பொறுப்பாளரின் மனைவி. எந்த வீட்டுச் சுண்டலையும் அவர் பாஸ் பண்ணியதாகச் சரித்திரம் இல்லை. உப்பு தூக்கல், கடலை வேகவில்லை, தேங்காய் பழசு, கடுகு தீய்ந்துவிட்டது. அதையும் ரகசியமாகச் சொல்ல மாட்டார்; வகுப்பறைக் குரலில், வீட்டுக்காரியின் முகத்துக்கு நேரேதான் சொல்வார். என் கணவர் இறந்த வருஷம்கூட, துக்கம் கேட்ட கையோடு, "இஞ்சி ஜாஸ்தி போட்டுட்ட" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த வருஷம் இஞ்சியைக் குறைத்துத்தான் போட்டேன்.

எங்கள் தெருமுனையில் மாடி போர்ஷனில் ஒரு தையல்காரி இருக்கிறாள். திருநங்கை. தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்து ஊர். பிறந்ததிலிருந்தே எங்கள் சபைதான். வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள், எப்படியோ சென்னைக்கு வந்து, தி.நகரில் ஒரு துணிக்கடைக்குத் தைத்துக் கொடுத்துப் பழகி, பிறகு சொந்தமாக மெஷின் வாங்கிக்கொண்டாள். புடவைக்கு ஃபால்ஸ் வைப்பது, ஓரம் அடிப்பது, ரவிக்கை தைப்பது எல்லாம் அவ்வளவு சுத்தமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு வந்து, கடைசி பெஞ்சில், ஃபேன் ஓடாத மூலையில் உட்காருவாள். பூசை முடிந்ததும் யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்விடுவாள்.

தெருவில் எல்லோருடைய புடவையும் அவளிடம்தான் போகும். எப்படிப் போகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கீழே நின்று கூப்பிட்டால் அவள் மேலேயிருந்து கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் கூடையை இறக்குவாள். புடவையைப் போட்டால் மேலே போகும். இரண்டு நாள் கழித்து அதே கூடையில் இறங்கி வரும். அவள்தான் அந்தக் கூடை ஏற்பாட்டைச் செய்திருந்தாள், எங்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று. எங்கள் புடவைகள் எல்லாம் அந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கின்றன. நாங்கள் போனதில்லை.

போன செப்டம்பரில் ஒரு நாள் நான் ரவிக்கை வாங்கப் போனபோது கூடைக்குப் பதிலாக அவளே இறங்கி வந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். கோச்சுக்க மாட்டீங்களே?"

"கோச்சுக்கத்தான் போறேன், கேளு."

"ஜெபமாலை மாசத்துல என் வீட்டுக்கும் மாதா வருவாங்களாக்கா?"

இதற்கு ஏன் இவ்வளவு தயங்குகிறாள் என்று பார்த்தால், மீதியும் வந்தது. கீழ் போர்ஷனில் இருக்கும் வீட்டுக்காரர் அக்டோபர் கடைசியில் காலி பண்ணச் சொல்லிவிட்டார். இந்த வீடு கிடைப்பதற்கு முன்பு சைதாப்பேட்டையிலிருந்து பாலவாக்கம் வரைக்கும் அலைந்திருக்கிறாள். புரோக்கர்கள் போனில் இனிக்க இனிக்கப் பேசுவார்களாம். நேரில் பார்த்ததும் வீடு நேற்றே போய்விட்டது என்பார்களாம். "இங்கேருந்து போனா எனக்கு வேற எடமில்லக்கா. மெஷினத் தூக்கிக்கினு ரோட்டுலதான் நிக்கணும்," என்றாள். அழவில்லை. ரவிக்கையின் கொக்கியைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னாள்.

வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். தெற்கத்திக்காரர், தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார், தெருவுக்கே அண்ணாச்சி. மறுநாள் காலையில் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். சண்டைக்குத்தான் போனேன், மறைப்பானேன்.

"நான் கெட்டவன் இல்லம்மா," என்றார் அவர், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. "அந்தப் புள்ள சத்தம் போடாது, ஒரு வம்பு கெடயாது. ஆனா எங்க ஆளுவ வந்தா கேக்காவ. அண்ணாச்சி, மாடியில யார வச்சிருக்கீயன்னு. நாலு குடும்பத்து ஆளுவ வந்து போற வீடுன்னா நான் தெம்பா பதில் சொல்லிருவேன். ஒத்த ஆள் படியேறலியே. நான் என்னத்தச் சொல்ல?"

திட்டலாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த ஒத்த ஆள் என்பதில் நானும்தானே அடக்கம். வாயை மூடிக்கொண்டு வந்தேன். எனக்கு அது அபூர்வம்.

பொறுப்பாளர் வீட்டில் நடந்த அந்த வார அன்பியக் கூட்டத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். பொறுப்பாளர் வங்கியில் மேலாளராக இருந்தவர். நல்ல மனிதர். என் கணவர் போனபோது ஆஸ்பத்திரிக்கும் கல்லறைத் தோட்டத்துக்குமாக அலைந்தவர் அவர்தான். ஆனால் எதிலும் யாருடைய மனமும் கோணக் கூடாது என்று நினைக்கிறவர். எல்லோருக்கும் நல்லவராக இருக்கப் பார்க்கிறவர்கள் கடைசியில் யாரோ ஒருவர் தலையில்தான் கையை வைக்கிறார்கள்.

"அன்பியம்னா குடும்பங்களோட அமைப்பும்மா," என்றார். "அவங்க தனியா இருக்காங்க."

"நானுந்தான் சார் தனியா இருக்கேன். என் வீட்டுக்கு வர்ற மாதா வழி மறந்துட்டாங்களா?"

மாடிப்படி குறுகல் என்றார் ஒருவர். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள் என்றார் இன்னொருவர். கோயிலிலேயே வைத்து அவளுக்காக விசேஷமாக ஜெபித்துவிடலாமே என்றார்கள். இத்தனைக்கும் முந்தின ஞாயிறுதான் சாமியார் பிரசங்கத்தில், ஒதுக்கப்பட்டவர்களை வீட்டுக்குள் அழைப்பதுதான் கிறிஸ்தவனின் வேலை, மற்றதெல்லாம் அதற்கப்புறம் என்று சொல்லியிருந்தார். எல்லோரும் தலையாட்டினோம். பிரசங்கத்துக்குத் தலையாட்டுவதில் எங்கள் பங்கை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

"நாம எல்லாரும் உடுத்தியிருக்கிற புடவை அந்தப் படி ஏறி இறங்கினதுதான். நம்ம காலுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டிருப்பேன். பெண்கள் எல்லோரும் அவரவர் புடவை ஓரத்தைப் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பொறுப்பாளர், "சரிம்மா, மாதா போகட்டும்," என்று ஒரு நாளைக் குறித்துக்கொடுத்தார். டீச்சரம்மா அன்று உடம்பு சரியில்லாமல் உள்ளறையில் படுத்திருந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

தையல்காரியிடம் சொன்னபோது அவள் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். அண்ணாச்சியிடமும் போய்ச் சொல்லிவிட்டாள். அவரும், "வரட்டும், பாப்போம்," என்றாராம். அதற்கப்புறம் அவளுக்குக் கால் தரையில் படவில்லை. மாதாவுக்கென்று நீலப் பட்டுத் துணியில் சரிகை வைத்து ஒரு சின்ன மேலாடை தைத்தாள். எத்தனை பேர் வருவார்கள், டீக்குச் சர்க்கரை போடாதவர்கள் யார் யார் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "டீச்சரம்மாவுக்குச் சுண்டல் பிடிக்குமாக்கா?" என்றும் கேட்டாள். அதற்கு மட்டும் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

குறித்த நாளுக்கு முந்தின இரவு மாதா பொறுப்பாளர் வீட்டில் தங்கினார். மறுநாள் மத்தியானத்திலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. பெரிய மழை இல்லை, செருப்பு நனைகிற மழை. கிளினிக்கிலிருந்து பஸ்ஸில் வரும்போது அன்பிய வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். பொறுப்பாளர் எழுதியிருந்தார்: மழையையும், மூட்டு வலி உள்ள பெரியோரின் நலனையும் கருதி இன்றைய ஜெபமாலை எங்கள் இல்லத்திலேயே நடைபெறும். மாதா முறைப்படி அடுத்த இல்லத்துக்கு அனுப்பிவைக்கப்பட்டுவிட்டார்.

அனுப்பிவைக்கப்பட்டுவிட்டார். கொரியர் மாதிரி. கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள் வேறு.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் பொறுப்பாளர் வீட்டுக்குத்தான் போனேன். கூடம் நிறைய ஆட்கள். சுவரில் மாட்டியிருந்த மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டீச்சரம்மா நாற்காலியில் உட்கார்ந்து, முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாதாவ எப்படி சார் அனுப்பினீங்க?" என்றேன்.

"ஆட்டோவுல பத்திரமா அனுப்பியாச்சும்மா. நமக்குத் தெரிஞ்ச டிரைவர்தான்."

"நாம?"

"அதான் எழுதியிருக்கேனே."

"என்னத்த எழுதினாரு?" என்று கேட்டார் டீச்சரம்மா. அவரிடம் இருப்பது பழைய பட்டன் போன், வாட்ஸ்அப் கிடையாது. நான் என் போனை எடுத்து உரக்கப் படித்தேன். மூட்டு வலி உள்ள பெரியோர் என்ற இடம் வந்ததும் டீச்சரம்மாவின் கை முட்டியிலேயே நின்றுவிட்டது. அந்தக் கூடத்தில் மூட்டு வலி உள்ள பெரியவர் அவர் ஒருவர்தான்.

"ஏங்க, என் முட்டிதான் உங்களுக்குக் கெடைச்சுதா?" என்றார் கணவரிடம். "மாடி ஏற மாட்டேன்னு நான் சொன்னேனா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பொறுப்பாளர் பதில் சொல்வதற்குள் வெளியே கேட் சத்தம் கேட்டது. பார்த்தால், அவள். பச்சைப் பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் மாதா. சுரூபத்தை நனையாமல் முந்தானைக்குள் பொதிந்து வைத்திருந்தாள். அவள் தலை நனைந்திருந்தது. கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"சார்," என்றாள். "மாதா மட்டும் வந்தாங்க. எப்பவும் தனியா வர மாட்டாங்களே, கூட்டமாத்தானே வருவாங்க. ஆட்டோக்காரரு, இன்னாக்கா, சாமிய பார்சல் பண்ணிக்கீறாங்கன்னு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல. அண்ணாச்சியும் வாசல்லயே நின்னு பார்த்துட்டு உள்ள போய்ட்டாரு. அதான், வழி தவறி வந்துட்டாங்களோன்னு கொண்டாந்துட்டேன்."

திட்டுவதற்கு இவ்வளவு நல்ல சந்தர்ப்பம் இனிமேல் எனக்குக் கிடைக்கப்போவதில்லை; ஆனால் என் கண்ணில் நீர் நிரம்பிவிட்டது, அவள் எப்படிச் சிரித்துக்கொண்டே நிற்கிறாள் என்பதைப் பார்த்து. அது என் கிளினிக் சிரிப்பு. உள்ளே வருகிறவர்களுக்கு வலி தெரியக் கூடாது என்று சிரிக்கிற சிரிப்பு.

டீச்சரம்மா எழுந்தார். "குடைய எடுங்க," என்றார் கணவரிடம். பொறுப்பாளர் எடுத்தார். "எனக்கில்ல. மாதாவுக்குப் பிடிங்க." பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்து, "மெழுகுவர்த்திய அணைச்சு எடுத்துக்கிட்டு எல்லாரும் கிளம்புங்க. பாட்டுப் புஸ்தகம் எங்க?" என்றார். முப்பது வருஷமோ என்னமோ பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்த குரல் அது. கூடம் முழுக்க எழுந்துவிட்டது.

பாட்டு முதலில் சரியாக எழும்பவில்லை. பாதித் தெரு தாண்டியதும் பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. அவள் மாதாவை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தாள், பக்கத்தில் பொறுப்பாளர் குடையை மாதாவின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தான் நனைந்தபடியே வந்தார். பாவம், அவரும் ஏதோ ஒன்றை நினைத்துக்கொண்டுதான் நடந்தார். கண்ணாடியை அடிக்கடி துடைத்தார், மழைத்துளிக்குத்தான் என்று வைத்துக்கொள்வோம். சத்தம் கேட்டு அண்ணாச்சி வாசலுக்கு வந்தார். வரிசையாக வரும் குடைகளைப் பார்த்தார். வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு, சைக்கிளை நகர்த்தி வழி விட்டார்.

படி நிஜமாகவே குறுகல். அவள் மாதாவைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டு, கீழே நின்றிருந்த டீச்சரம்மாவிடம் கையை நீட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றாள். "என்ன பாத்துக்கிட்டிருக்க, புடிச்சுக்கோ," என்றார் டீச்சரம்மா. அவள் தோளில் கையைப் போட்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக, ஒவ்வொரு படிக்கும் கணவரைத் திட்டிக்கொண்டே ஏறினார்.

ஒரே அறை. தையல் மெஷினைச் சுவரோடு தள்ளி, மேலே வெள்ளைத் துணி விரித்து, அதுதான் பீடம். மாதாவுக்கு அந்த நீல மேலாடையைப் போட்டுவிட்டாள். அளவு கச்சிதம். எங்கள் மாதா அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். இடமில்லாதவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். அண்ணாச்சியும் அவர் மனைவியும் மேல்படி வரைக்கும் வந்து நின்றிருந்தார்கள்.

பிறகு சுண்டல் வந்தது. தொன்னையில் வைத்து ஒவ்வொருவருக்கும் இரண்டு கையாலும் கொடுத்தாள். வாங்கினோம். சாப்பிட்டோம். "நல்லாருக்கு," என்றார் ஒருவர். "ரொம்ப நல்லாருக்கும்மா," என்றார் அடுத்தவர். எல்லோரும் அதையே சொன்னார்கள், முன்பின் தெரியாத கல்யாண வீட்டில் சொல்வது போல. "தேங்க்ஸ் அக்கா, தேங்க்ஸ் சார்," என்று அவளும் சொல்லிக்கொண்டே போனாள். அறையில் மரியாதை நிரம்பி மூச்சு முட்டியது. இப்படியே எல்லோரும் பதவிசாக எழுந்து போய்விடுவார்கள், அண்ணாச்சிக்கும் அது தெரிந்துவிடும் என்று பயந்தேன். வந்தார்கள், ஒரு தடவை. அவ்வளவுதானே என்று அவர் நினைத்துவிட்டால்?

டீச்சரம்மா அந்த அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் போட்டார். மென்றார். இன்னொரு வாய் போட்டார். எல்லோரும் அவரையே பார்த்தோம்.

"உப்பு பத்தல," என்றார், அந்த வகுப்பறைக் குரலில். "கடலை இன்னும் ரெண்டு விசில் வெந்திருக்கணும். அடுத்த வருஷம் பண்றப்போ மொத நாளே ஊறப் போடு. மறந்துடாத."

அவள் "உப்பு எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுச் சமையல் மறைப்புக்குப் பின்னால் போனாள். போனவள் வரவில்லை. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். உப்பு ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்று அழுதுகொண்டிருந்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக.

"அக்கா, டீச்சரம்மா என்னையும் திட்டிட்டாங்கக்கா," என்றாள். அழுகையோடு சிரிப்பும் வந்துகொண்டிருந்தது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "அடுத்த வருஷம்னு சொன்னாங்கல்ல? அது அண்ணாச்சி காதுல வுழுந்துச்சா?"

நான் மறைப்பை விலக்கிப் பார்த்தேன். அண்ணாச்சி அறைக்குள்ளேயே வந்து, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காலித் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு, உப்பெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று டீச்சரம்மாவிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.